பழைய டோப்போ ஷீட்ட பஞ்சாயத்து ஆபீஸ்ல மாட்டுங்க: டெல்டா கலெக்டர்களுக்கு ஒரு திறந்த மடல்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை கலெக்டர்களுக்கு வணக்கம்.

நான் பட்டுக்கோட்டை பக்கத்து ஆளு. எங்க ஊரு இருக்குற பழைய சர்வே ஆஃப் இந்தியா டோப்போ ஷீட் ஒண்ணு கெடச்சுது, அதாவது மேடு பள்ளம், ஏரி, பாதையெல்லாம் காட்டுற மேப்பு, "58 N"ங்குற நம்பர் வரிசை, ஒரு மைலுக்கு ஒரு இஞ்ச் கணக்கு, 1934க்கு முன்னாடி அளந்தது. அதுல புது ஆறுன்னு நாங்க சொல்ற கல்லணைக் கால்வாயே இல்ல! மேட்டூர் டேமும் கல்லணைக் கால்வாயும் வந்ததே 1934லதானே. ஆறு இருக்க வேண்டிய எடத்துல பாத்தா ஊருக்கு ஊரு நீலத்துல ஏரி, குளம், அதுங்கள கோக்குற மாதிரி மெல்லிசா ஓடைக்கோடு. ஆத்துத்தண்ணி வர்றதுக்கு முன்னாடி மழையத் தேக்கியே எங்க ஜனங்க பொழச்சிருக்காங்கன்னு அன்னிக்குத்தான் கண்ணால பாத்தேன்.

எங்க ஊருக்கு வடக்க அய்யனார் கோயில் பின்னாடி ஒரு குளம் போட்டிருந்துச்சு, இப்ப அங்க சீமைக்கருவையும் தென்னையும்தான். அப்பாயிகிட்ட காட்டுனேன், அதுக்கு படிக்கத் தெரியாது, வெரல வச்சுத் தடவிப் பாத்துட்டு "இது ஓடக்குட்டம்டா, உங்க தாத்தா மாடு குளுப்பாட்டுன எடம்"னு சொல்லுச்சு. மறுநாள் போய் பாத்தோம். 2018 கஜால சாஞ்ச தென்னை ஒண்ணோட வேர்க்குழில செங்கல் படிக்கட்டு நாலு படி தெரியுது, சின்னச் சின்ன பழைய செங்கல்லு, சுண்ணாம்புக் காரை அப்படியே ஒட்டியிருக்கு.

இத எடுத்துக்கிட்டு ஒரு ஆபீசுக்குப் போனேன், மேப்ப விரிச்சே பாக்கல, எஃப்எம்பி, அதான் சர்வே நம்பர் வாரியா நெலத்தோட அளவு போட்ட வரைபடம், அதக் கொண்டாங்கன்னு அனுப்பிட்டாங்க. இந்த ஷீட் பட்டாவுக்கு ஆதாரம் ஆகாதுங்குறது எனக்கும் தெரியும், நான் கேட்டது பட்டா இல்லங்க, தண்ணி எந்தப் பக்கம் ஓடுச்சுங்குறது.

இந்த அளவைக்கும் நம்ம மண்ணுக்கும் ரொம்ப பழைய ஒறவு. சமவெளி, மரத்த மீறி தூரத்த பாக்க எடமில்லன்னு அந்தக் காலத்துல இந்தியாவ அளந்த வெள்ளக்காரர் லாம்டனோட ஆளுங்க கோயில் கோபுரத்து மேல ஏறித்தான் அளந்தாங்க. 1808ல தஞ்சாவூர் பெரிய கோயில்ல கோணம் அளக்குற அரை டன் கருவி தியோடலைட்ட மேல ஏத்தும்போது கயிறு அறுந்து அது செவுத்துல மோதி நசுங்கிப் போச்சு. இன்னிக்கும் பழைய ஷீட்ட கியூஜிஐஎஸ்ங்குற கம்ப்யூட்டர் மேப் சாஃப்ட்வேர்ல இப்பத்த மேப்பு மேல போட்டா கொஞ்சம் தள்ளித்தான் உக்காரும், அதையும் கோயில வச்சுத்தான் நேர் பண்றோம்.

நான் கேக்குறது பெருசா ஒண்ணுமில்ல. அந்தந்த ஊரு வர்ற பழைய ஷீட்ட பெருசா பிரிண்ட் போட்டு பஞ்சாயத்து ஆபீஸ் செவுத்துல மாட்டுங்க. ஜூன் 12 தண்ணி தொறக்குறதுக்கு முன்னாடி வருசா வருசம் தூர் வார்றீங்கல்ல, எஸ்டிமேட் போடுற இஞ்சினியர் அந்த நீலக்கோட்ட ஒரு தடவ நடந்து பாத்துட்டுப் போடட்டும். சத்திரம், ஒத்தையடிப் பாதை, ஊர்லேர்ந்து தள்ளி தனியா போட்டிருக்குற சேரி, எல்லாம் அதுல இருக்கு, எதையும் மறைக்காம அப்படியே மாட்டுங்க, சேரிக்குப் போற பாதை ஏன் ஊருக்கு வெளியில சுத்திப் போகுதுன்னு பள்ளிக்கூடப் புள்ளைங்க கேக்கட்டும்.

ஜனவரி 26 கிராம சபைல பெரியவங்கள உக்கார வச்சு, மேப்புல பேர் போடாத குட்டை, திடல், மதகுக்கெல்லாம் பேர் எழுதி வாங்கிடுங்க. எங்க ஊர்ல ஓடக்குட்டம்ங்குற பேரு இப்ப அப்பாயி ஒருத்திக்குத்தான் தெரியும், அதுக்கு வயசு எண்பத்து நாலு.

இப்படிக்கு,
பட்டுக்கோட்டை பக்கத்து விவசாயி வீட்டுப் புள்ள