வாடகை டைவ் கம்ப்யூட்டரை மாற்றி மாற்றிக் கொடுக்காதீர்கள்: ஹேவ்லாக் டைவ் சென்டர்களுக்கு ஒரு திறந்த மடல்

அந்தமானின் ஹேவ்லாக் தீவில் (இப்போது சுவராஜ் தீவு) டைவ் சென்டர் நடத்துபவர்களுக்கும் டைவ் மாஸ்டர்களுக்கும் வணக்கம்.

எங்களைக் கடலுக்குள் கூட்டிப்போய்ப் பத்திரமாக மேலே கொண்டுவருகிறீர்கள். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. கேட்பது இவ்வளவுதான்: ஆழமும் நேரமும் கணக்கிட மணிக்கட்டில் கட்டிக்கொள்ள வாடகைக்குத் தரும் டைவ் கம்ப்யூட்டரை ஆளுக்கு ஒன்றாக, கடைசி டைவ் வரை மாற்றாமல் கொடுங்கள். திரும்ப வாங்கும் முன் லாக் புக் (டைவ் குறிப்பேடு) எழுதப் பத்து நிமிடம் விடுங்கள்.

இந்த சீசனில் நடந்ததைச் சொல்கிறேன். முதல் டைவ் முடிந்து படகில் ஏறி ஃபின்ஸ்கூடக் கழற்றவில்லை. உதவியாளர் வந்து என் மணிக்கட்டுப் பட்டையை அவிழ்த்து, கம்ப்யூட்டரை நல்ல தண்ணீர் வாளியில் போட்டுவிட்டார். உள்ளே ஏற்கெனவே நாலைந்து கிடந்தன. எல்லாம் ஒரே மாடல், ஒரே கறுப்பு. அடுத்த டைவுக்குக் கையில் வந்ததன் லாக்கைத் திறந்து பார்த்தால், கடைசி டைவ் 11 மீட்டர் என்றது. நான் போய்வந்ததோ 26 மீட்டர். சொன்னேன். “எல்லாம் ஒண்ணுதான் மேடம், நான் பக்கத்துலதானே வரேன்” என்றார் டைவ் மாஸ்டர்.

எல்லாம் ஒன்றில்லை என்பது எங்களைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். தான் இறங்கிய டைவை வைத்துத்தான் கம்ப்யூட்டர் கணக்குப் போடுகிறது. 26 மீட்டரில் சுவாசித்த காற்றிலிருந்து என் உடம்பில் ஏறிய நைட்ரஜன் அதற்குத் தெரியாது. 11 மீட்டர் போனவர் அடுத்து எவ்வளவு நேரம் கீழே இருக்கலாமோ அதை எனக்குக் காட்டும். அதை நம்பி நான் கீழே இருப்பேன்.

கம்ப்யூட்டர் இல்லாமல் டேபிள் (ஆழம், நேர அட்டவணை) பார்த்து டைவ் செய்த காலத்தில், முதல் டைவின் ஆழத்தையும் நேரத்தையும் குறிக்காமல் இரண்டாவதைத் திட்டமிடவே முடியாது. கம்ப்யூட்டர் வந்ததும் எழுதுவதை விட்டுவிட்டோம். சொந்தக் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர் வீட்டுக்குப் போய்க்கூடப் பார்த்துக்கொள்வார். வாடகைக்கு எடுப்பவருக்கு அந்த வாளியோடு எல்லாம் போயிற்று. எத்தனை கிலோ வெயிட் கட்டினேன், சிலிண்டரில் 200 பார் காற்றழுத்தத்தோடு இறங்கி எத்தனை பாரில் ஏறினேன், நீரோட்டம் எப்படி இருந்தது என்பதையெல்லாம் இந்த வாடகைக் கம்ப்யூட்டர்கள் தானாக எழுதிவைப்பதில்லை. படகிலேயே குறித்தால்தான் உண்டு.

அன்று மாலை வீடியோ மட்டும் தவறாமல் வாட்ஸ்அப்பில் வந்தது. ஆழமும் நேரமும் கேட்டதற்கு, “சுமாரா போட்டுக்கோங்க” என்று லாக் புக்கில் முத்திரை குத்திக் கொடுத்தார்கள். சுமாரான எண்ணுக்கு முத்திரை எதற்கு? அந்த நைட்ரஜன் சரியாக வெளியேறாமல் இரவில் மூட்டு வலித்தால் டாக்டர் முதலில் கேட்பது எத்தனை மீட்டர், எத்தனை நிமிடம், இடையில் எவ்வளவு நேரம் மேலே இருந்தீர்கள் என்றுதான். பல டைவ் செய்தவர் விமானம் ஏறக் குறைந்தது 18 மணி நேரம் ஆக வேண்டும். மறுநாள் சென்னை விமானத்தைப் பிடிக்கலாமா என்று பார்க்கக்கூடக் கடைசியாக மேலே வந்த நேரம் வேண்டும். சோறு போடும் தொழிலில் இவ்வளவு அலட்சியம் கூடாது.

கோபத்தில் கொஞ்சம் அதிகம் பேசியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டர் பட்டையில் ஒரு துண்டு டேப் ஒட்டி எண் எழுதுங்கள்; பெயர்ப் பட்டியலில் யாருக்கு எந்த எண் என்று குறியுங்கள். ஆளுக்கு ஒன்று, கடைசி வரை அதே ஒன்று, வாங்கும் முன் பத்து நிமிடம். அக்டோபரில் அடுத்த சீசன் தொடங்கும் முன் இதைச் செய்துவிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் படகுகளில் வரும் ஒரு டைவர்