பிரேக் அதிர்ந்தால் காலை எடுக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 31 ஆண்டுகள் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவன் நான். கார் லைசென்ஸ் வாங்கி ஒரு மாதம்கூட ஆகாத என் மகளுக்கு நடந்ததைக் கேட்டு இன்னும் மனம் ஆறவில்லை.

மழை பெய்து ஓய்ந்த சாலை. சைக்கிளில் ஒரு சிறுவன் திடீரென்று குறுக்கே வர, பிரேக்கை ஓங்கி மிதித்திருக்கிறாள். பெடல் காலுக்கடியில் கடகடவென்று அதிர்ந்திருக்கிறது. பிரேக்தான் உடைந்துவிட்டது என்று பயந்து காலைத் தூக்கிவிட்டாள். அவன் வேகமாக மிதித்து விலகியதால் பிழைத்தான்.

அந்த அதிர்வு கோளாறு அல்ல, ஏபிஎஸ் என்கிற தானியங்கி பிரேக் கட்டுப்பாடு வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம். சக்கரம் சுழலாமல் சிக்கி வழுக்காமலிருக்க, நொடிக்குப் பலமுறை பிரேக்கைப் பிடித்துப் பிடித்து விடுகிறது. காலை எடுக்காமல் அழுத்தினால் ஸ்டீயரிங் சொன்னபடி வண்டியும் திரும்பும். நான் ஓட்டிய பழைய வண்டிகளில் இது கிடையாது. சக்கரம் சிக்கினால் காலைத் தளர்த்தி மறுபடி மிதிப்போம். அதையே ஏபிஎஸ் வண்டிக்கும் சொல்லிக்கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம்.

அடுத்த ஞாயிறு காலை அவளை ஆளில்லாத மைதானத்துக்கு அழைத்துப் போனேன். முதலில் சீட்டைச் சரிசெய்தேன்: பிரேக்கை முழுதாக மிதித்த பிறகும் முழங்கால் சற்று மடங்கியிருக்க வேண்டும். பிறகு 40 கிலோமீட்டர் வேகத்தில் கிளட்சையும் சேர்த்து ஒரே மிதி. இரண்டு தடவை, அதிர்வு வந்ததும் கால் தானாக மேலே வந்துவிட்டது. மூன்றாவது முறை பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினாள். நான் வைத்திருந்த அட்டைப்பெட்டியை, பிரேக்கை விடாமலே ஒதுங்கிக் கடந்து நிறுத்தினாள். இறங்கியபோது கை நடுங்கியது, முகத்தில் பயம் இல்லை.

ஏபிஎஸ் இருந்தாலும் இடைவெளி வேண்டும். 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி நொடிக்கு 16 மீட்டருக்கு மேல் ஓடுகிறது. கால் பிரேக்குக்குப் போவதற்குள்ளேயே அவ்வளவு தூரம் போய்விடும். வேகம் இரட்டித்தால் பிரேக் பிடித்தபின் ஓடும் தூரம் நாலு மடங்கு. மணல், ஜல்லியில் இன்னும் கூடும்.

மகள் படித்த பயிற்சிப் பள்ளியில் கியர், ரிவர்ஸ், பார்க்கிங் எல்லாம் பழக்கினார்கள். முழு பிரேக்கை ஒருமுறைகூட மிதிக்க வைக்கவில்லை. லைசென்ஸ் தேர்வுக்கு அனுப்புமுன் ஒவ்வொருவரையும் காலி மைதானத்தில் மூன்று முறையாவது மிதிக்க வைக்கும்படி பயிற்சியாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன். அரைமணி நேரம் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர்