பீடிக்கடைக்கே வந்து கிட்னி டெஸ்ட் எடுங்க - கலெக்டர் அய்யாமாருக்கு ஒரு திறந்த மடல்

நெல்லை, தென்காசி ரெண்டு மாவட்ட கலெக்டர் அய்யாமாருக்கும் சுகாதாரத்துறை ஆபீசர்மாருக்கும் வணக்கம்.

முக்கூடல், மேலப்பாளையம், ஆலங்குளம், கடையம்னு பீடி சுத்துற ஊர்ல எந்தத் தெருவுக்குப் போனாலும் சுகர் மாத்திரை, பிரஷர் மாத்திரை இல்லாத வீட்ட தேடணும். 2023ல வந்த ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில்) ஆய்வுல நாடு முழுக்க பெரியவங்கள்ல 11.4 சதவீதம் பேருக்கு சுகர்னா தமிழ்நாட்டுல 14.4. உடனே நம்மூர் அல்வாவ கேலி பண்ணுவாவ, பீடி சுத்துறவளுக்கு அல்வா வாங்க காசு ஏது, மூணு வேளையும் ரேஷன் அரிசி, நடுவுல சீனி போட்ட டீ, தொட்டுக்க கருவாடும் ஊறுகாயும், நாள் பூரா உக்காந்த எடம், அதான் சங்கதி.

மக்களைத் தேடி மருத்துவம் 2021ல வந்தது நல்ல காரியம், அத குறை சொல்ல இத எழுதல. வீட்டுக்கே வந்து பிரஷர் பாக்குதாவ, விரல்ல குத்தி சுகர் பாக்குதாவ, மாத்திரையும் குடுக்காவ. நான் கேக்கது கிட்னிய பத்தி.

மடியில சுளக வச்சு குனிஞ்ச தல நிமிராம ஆயிரம் பீடி சுத்தி முடிக்கதுக்குள்ள கழுத்தும் இடுப்பும் விட்டுப் போவும். சாயந்தரம் மெடிக்கல்ல போயி "வலிக்கு ரெண்டு குடுங்க"ன்னா போதும், அட்டையில ரெண்ட வெட்டி குடுத்துருவாவ, பேரும் கிடையாது சீட்டும் கிடையாது. அதுல பாதி டைக்ளோபினாக் மாதிரி மாத்திரை, டாக்டர் சீட்டு இல்லாம குடுக்கவே கூடாது, பிரஷர ஏத்தும், ஏற்கனவே சுகர் இருக்கவங்களுக்கு கிட்னிய சீக்கிரமா கெடுக்கும். ஆரம்பத்துல ஒண்ணுமே தெரியாது, கால் வீங்கி மூச்சு வாங்கும்போதுதான் ஓடுவாங்க, அப்புறம் நெல்லை ஹைகிரவுண்டு பெரியாஸ்பத்திரிக்கு டயாலிசிஸ்க்கு பஸ் ஏறணும்.

கிட்னி கெட்டா யூரின்ல ஆல்புமின்ங்கிற புரதம் கசியும், ரத்தத்துல கிரியாட்டினின்ங்கிற கழிவு ஏறும், இந்த ரெண்டையும் வருசத்துக்கு ஒரு தடவ பாத்தா முன்னாலயே பிடிச்சிரலாம். ஆனா அதுக்குன்னு ஆஸ்பத்திரிக்கு போனா ஒரு நாள் பீடி போச்சு, அதனால யாரும் போறதில்ல. அவங்க தப்பாம போற எடம் ஒண்ணுதான், சுத்துன பீடிய ஒப்படைக்க பீடிக்கடைக்கு. அங்க வந்து சாம்பிள் எடுங்க. அப்படியே சுகரும் பாத்துருங்க, மூணு மாச சராசரி சுகர் பாக்குற டெஸ்ட்டுக்கு வெறும் வயிறும் வேண்டாம், கூடவே ரத்தசோகையும் பாத்துருங்க, அது இருந்தா அந்த ரிசல்ட் தப்பா காட்டலாம்.

வீட்டுக்கு வார அக்காமாரு "வலிக்கு என்ன மாத்திரை போடுதீய?"ன்னு ஒரு கேள்வி சேத்து கேட்டா அதுக்கு செலவே கிடையாது. மெடிக்கல் கடைங்களையும் டிரக் இன்ஸ்பெக்டர விட்டு ஒரு பார்வ பாக்க சொல்லுங்க.

கடைக்காரவுக நாங்க சொன்னா எடம் தர மாட்டாவ, நீங்க சொன்னா தருவாவ. யூரின் எடுக்க கக்கூஸ் வேணும் பாத்துக்கிடுங்க, பல கடையில பொம்பளைங்களுக்கு அது கிடையாது, மொதல்ல அதுக்கு ஒரு ஏற்பாடு பண்ணிட்டு தேதி சொல்லுங்க.