முடிவு தொலைந்த நாவல்கள்

சிங்கப்பூர்

அன்புள்ள வசந்தி,

உன் கடிதம் கிடைத்தது. அண்ணனுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் மனசு நிம்மதியானது. சொட்டு மருந்தை வேளை தவறாமல் போடச் சொல். சின்னவளுக்குச் செங்கல்பட்டில் வேலை கிடைத்ததும் நல்ல செய்தி. பஸ்ஸில் போய் வந்துவிடும் தூரம்தானே, வீட்டுச் சாப்பாடு சாப்பிடலாம்.

இங்கே எல்லாரும் சுகம். பேரன் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிட்டான். காலையில் அவன் கிளம்பிப் போனால் மதியம் வரை வீட்டில் நான் மட்டும்தான். 'அவ்வளவு நேரம் என்னதான் செய்கிறாய்?' என்று கேட்டிருந்தாய். சீன டிவி நாடகம் பார்க்கிறேன். அப்புறம் அந்த நாடகம் எந்த நாவலிலிருந்து வந்ததோ அதைத் தேடிப் படிக்கிறேன். ஹாஸ்டலில் தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்து பைண்ட் செய்துகொண்டு அலைந்தோமே, அந்தப் பைத்தியம் மறுபடியும் பிடித்துக்கொண்டது என்று வைத்துக்கொள்.

ஆரம்பித்து வைத்தது எதிர்வீட்டுச் சீன ஆன்ட்டி. 'எட்டே பகுதிதான், பார்த்துவிட்டு சொல்லுங்கள்' என்று 'என் ஆல்தாய்' என்ற நாடகத்தைப் போட்டுக் கொடுத்தார். 2024இல் வந்தது. மூலம் லி ஜுவான் என்ற பெண் எழுதிய கட்டுரைகள். சீனாவின் வடமேற்கு மூலையில் சின்ஜியாங், அதன் வடக்கு ஓரத்தில் ஆல்தாய் மலைப்பகுதி. அங்கே கசாக் மேய்ப்பர்கள் நடுவில் ஒரு அம்மாவும் பெண்ணும் பாட்டியும் சின்ன மளிகைக்கடை வைத்துப் பிழைக்கிறார்கள். நகரத்தில் வேலை நிலைக்காமல் ஊர் திரும்பிய பெண், தான் எதற்கும் உதவாதவளோ என்று அம்மாவிடம் கேட்கிறாள். அதற்கு அந்த அம்மா சொல்வதைக் கேள்: நீ யாருக்கோ ஊழியம் செய்வதற்காக உன்னை நான் பெறவில்லை. இந்தப் புல்லையும் மரத்தையும் பார். யாராவது தின்றால், எடுத்துக்கொண்டால், பயன் என்கிறோம். யாரும் தொடாவிட்டாலும் அது பாட்டுக்கு இங்கே இருப்பது நல்லதுதானே. முப்பது வருஷம் வகுப்பில் மார்க் போட்டவள் நான். அந்த வரிகளைக் கேட்டதும் நாடகத்தை நிறுத்திவிட்டு ரொம்ப நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

லி ஜுவானின் கட்டுரைகளில் கதை என்று ஒன்றும் கிடையாது. காதல், குதிரைப் பந்தயம் என்று நாடகத்துக்காகக் கோத்தவைதான் நிறைய. ஆனால் அவர் எழுதிய 'குளிர்கால மேய்ச்சல்' ஆங்கிலத்தில் கிடைத்தது, அதையும் படித்தேன். ஒரு கசாக் குடும்பத்தோடு சேர்ந்து, முப்பது ஒட்டகம், ஐந்நூறு ஆடு, நூற்றுக்கு மேல் மாடும் குதிரையுமாக, பனிக்காலம் முழுக்கப் பாலைவெளியில் இருந்திருக்கிறார். மண்ணைத் தோண்டிய குழிதான் வீடு. சுவருக்கு ஆட்டுப் புழுக்கை. குடிக்கத் தண்ணீர் வேண்டுமென்றால் சாக்கை எடுத்துக்கொண்டு போய்ச் சுத்தமான பனியாகப் பார்த்து அள்ளி, தோளில் சுமந்து வந்து உருக்க வேண்டும். ஒரு மூட்டைப் பனி உருகினால் தண்ணீர் எவ்வளவு கொஞ்சமாகத் தேறும் என்பதை அவரே சுமந்து பார்த்துத்தான் எழுதுகிறார். நாடகத்தில் காட்சி அழகு உண்டு. புத்தகத்தில் குளிர் உண்டு. இரண்டும் எனக்கு வேண்டியிருந்தது.

சரி, உன்னிடம் முக்கியமாகச் சொல்ல வந்தது வேறு. 'செம்மாளிகைக் கனவு'. பதினெட்டாம் நூற்றாண்டில் சாவ் சுவேசின் எழுதிய நாவல். சீனர்களுக்கு அது உயிர். அதைப் படிப்பதற்கென்றே தனித் துறை வைத்திருக்கிறார்கள். ஜியா என்ற பெரிய பிரபுக் குடும்பம், அதன் செல்லப்பிள்ளை பாவ்யூ, அவன் மனசுக்குள் இருக்கும் நோயாளி அத்தைப் பெண் லின் தாய்யூ, வீட்டு நிர்வாகத்தை விரல் நுனியில் வைத்திருக்கும் மருமகள் வாங் ஷிஃபெங். கொஞ்சம் கொஞ்சமாகக் குடும்பம் இற்று விழுகிறது. நான் படிப்பது டேவிட் ஹாக்ஸ் தொடங்கிய ஆங்கில மொழிபெயர்ப்பு. இதை மொழிபெயர்ப்பதற்காகவே ஆக்ஸ்ஃபோர்டில் பேராசிரியர் பதவியை விட்டுவிட்டவர் அந்த மனிதர்! ஐந்து தொகுதி. கடைசி இரண்டையும் முடித்தவர் ஜான் மின்ஃபோர்ட்.

உனக்குப் பிடிக்கும் இடம் ஒன்று சொல்கிறேன். லியூ பாட்டி என்று ஒரு ஏழைக் கிராமத்துக் கிழவி. ரொம்பத் தூரத்துச் சொந்தம் என்று சொல்லிக்கொண்டு, கூச்சத்தோடு அந்த மாளிகைக்கு வருகிறாள். இருபது தேல் வெள்ளி (தேல் என்பது அந்தக் காலத்துச் சீன எடையளவு) கொடுத்து அனுப்புகிறார்கள். அடுத்த தடவை வரும்போது, தோட்டத்தில் முதல் பறிப்பாகப் பறித்த காய்களை நன்றிக்காகச் சுமந்துகொண்டு வருகிறாள். அன்று மாளிகையில் நண்டு விருந்து. கிழவி வாய்விட்டுக் கணக்குப் போடுகிறாள்: இந்த ஒரு வேளைச் செலவு இருபது தேலுக்கு மேல், எங்கள் ஊரில் ஒரு குடும்பம் ஒரு வருஷம் சாப்பிடலாம். ஆசிரியர் அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்வதில்லை.

அப்புறம் அவளுக்கு ஒரு கத்திரிக்காய்ப் பதார்த்தம் ஊட்டுகிறார்கள். கத்திரிக்காய் என்று அவளால் நம்பவே முடியவில்லை. எப்படிச் செய்தீர்கள் என்கிறாள். ஷிஃபெங் சர்வசாதாரணமாகச் சொல்கிறாள்: புதிதாகப் பறித்த காயைத் தோல் சீவி, பொடியாக நறுக்கி, கோழிக் கொழுப்பில் பொரி. கோழி நெஞ்சுக்கறி, காளான், மூங்கில் குருத்து, உலர்ந்த டோஃபு, உலர்பழங்கள் எல்லாவற்றையும் அதே அளவில் நறுக்கிக் கோழிச் சாற்றில் வற்றவிடு. நல்லெண்ணெய் விட்டுக் கலந்து ஜாடியில் இறுக மூடி வை. சாப்பிடும்போது வறுத்த கோழித்துண்டோடு சேர். கிழவி நாக்கை நீட்டித் தலையாட்டி, 'புத்தா! இதற்குப் பத்துக் கோழி வேண்டுமே, பின்னே ருசிக்காமல் என்ன செய்யும்!' என்கிறாள். வீட்டில் கத்திரிக்காய் வதக்கும்போதெல்லாம் அந்தக் கிழவி வந்து பக்கத்தில் நிற்கிறாள், வசந்தி. அந்தச் சமயத்தில்தான் ஷிஃபெங் தன் நோஞ்சான் பெண்குழந்தைக்கு நீங்களே ஒரு பேர் வையுங்கள் என்று அவளைக் கேட்டு வாங்கிக்கொள்கிறாள். ஏழை வைத்த பேர் பிள்ளையைக் காக்கும் என்று ஒரு நம்பிக்கை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இந்த நாவலுக்கு முடிவு இல்லை. சாவ் சுவேசின் பெயரில் கைப்பிரதியாகச் சுற்றியது எண்பது அத்தியாயம்தான். அவர் வறுமையில் செத்துப்போய் ஏறத்தாழ முப்பது வருஷம் கழித்து, 1791இல் செங் வெய்யுவான் என்ற பதிப்பாளரும் காவ் எ என்ற அறிஞரும் நூற்றிருபது அத்தியாயமாக அச்சிட்டார்கள். கடைசி நாற்பது யார் எழுதியது என்ற சண்டை இன்றைக்கும் தீரவில்லை. அதில் குடும்பம் ஓரளவுக்கு மறுபடி தலைதூக்குகிறது. முன் எண்பதில் போட்டு வைத்த முடிச்சுகளோடு அது ஒட்டவில்லை என்று ரொம்பப் பேருக்கு ஆதங்கம்.

1987இல் சீன மத்தியத் தொலைக்காட்சி இதை நாடகமாக்கியது. 36 பகுதி, இயக்கியவர் வாங் ஃபூலின். நாடு முழுக்க அலசி இளம் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து, படப்பிடிப்புக்கு முன்னால் மாதக்கணக்கில் உட்காரவைத்து நாவலைப் பாடம் நடத்தியிருக்கிறார்கள். ஓவியம், சதுரங்கம், யாழ் எல்லாமும். நாவலில் வரும் பெருந்தோட்டத்தை பெய்ஜிங்கில் நிஜமாகவே கட்டினார்கள். இன்றும் அது பூங்காவாக இருக்கிறது. தாய்யூவாக நடித்த சென் ஷியாவ்ஷு, தான் எழுதிய கவிதை ஒன்றையும் புகைப்படத்தையும் வைத்துத் தபாலில் விண்ணப்பித்தவர். பாடல்களுக்கு இசையமைத்த வாங் லிப்பிங், பெயர்பெற்ற பாடகிகளை விட்டுவிட்டு, சாங்சுன் கார் தொழிற்சாலையில் வேலை பார்த்த சென் லி என்ற பெண்ணைப் பிடித்து வருஷக்கணக்கில் பழக்கினார். உதிர்ந்த பூக்களை அள்ளிப் புதைத்துக்கொண்டே தாய்யூ பாடும் பாட்டு இருக்கிறது. இன்று நான் பூவைப் புதைக்கிறேன், சிரிக்கிறார்கள், நாளைக்கு என்னை யார் புதைப்பார்கள் என்று. அதை ஒரு தொழில்முறைக் குரலில் கேட்டிருந்தால் எனக்கு இப்படி நெஞ்சடைத்திருக்காது.

அதைவிடப் பெரிய துணிச்சல் முடிவில்தான். அச்சில் இருந்த நாற்பது அத்தியாயத்தை ஒதுக்கிவிட்டார்கள். ஐந்தாம் அத்தியாயத்தில் பெண்கள் ஒவ்வொருவரின் தலைவிதியையும் மறைமுகமாகச் சொல்லும் பாட்டுகள் உண்டு. பழைய கைப்பிரதிகளின் ஓரத்தில், தொலைந்த பகுதியைப் படித்திருந்த யாரோ எழுதிய குறிப்புகளும் உண்டு. இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு ஆய்வாளர்கள் துணையோடு ஒரு முடிவை ஊகித்து எடுத்தார்கள். ஊரையே ஆட்டிவைத்த ஷிஃபெங்கின் உடலைப் பாயில் சுருட்டிப் பனியில் இழுத்துப் போகிறார்கள். விற்கப்பட்ட அவள் பெண்ணை, பேர் வைத்த அந்தக் கிழவிதான் வீட்டையும் நிலத்தையும் விற்று மீட்கிறாள். கடைசிப் பகுதிகள் அவசரமாக ஓடுகின்றன, முன்பாதியின் நிதானம் இல்லை, அதை நான் மறைக்கவில்லை. ஆனாலும் என் ஓட்டு நாடகத்துக்குத்தான். இருபது தேல் வெள்ளிக்கும் பத்துக் கோழிக் கத்திரிக்காய்க்கும் பதில் சொல்லக்கூடிய முடிவு அதுதான்.

இன்னொரு நாவலுக்கும் இதே கதி நேர்ந்திருக்கிறது. லாவ் ஷே எழுதிய 'ஒரே கூரையின் கீழ் நான்கு தலைமுறை'. ஜப்பானியர் பெய்ஜிங்கைப் பிடித்திருந்த எட்டு வருஷம் ஒரு சந்துக்குள் எப்படிப் போனது என்பதுதான் கதை. சீ குடும்பத்துத் தாத்தா, எந்தக் கலவரமானாலும் மூன்று மாதம் தாண்டாது என்ற அனுபவத்தில், மூன்று மாதத்துக்குத் தானியமும் ஊறுகாயும் சேர்த்துவைத்து, உடைந்த தொட்டியில் கல்லை நிரப்பிக் கதவுக்கு முட்டுக்கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார். எட்டு வருஷம்! ரேஷனில் போட்ட கலப்பட மாவைத் தின்ன மறுத்தே, விடுதலைக்குக் கொஞ்சம் முன்னால் செத்துப்போகிறாள் கொள்ளுப்பேத்தி.

நூறு அத்தியாயம் என்று திட்டம். 1950இல் பத்திரிகையில் 87ஆம் அத்தியாயத்தோடு நின்றுவிட்டது. கலாச்சாரப் புரட்சியின் தொடக்கத்தில், 1966 ஆகஸ்டில், செங்காவலர்கள் என்ற மாணவர் கூட்டம் லாவ் ஷேவை அடித்து அவமானப்படுத்தியது. மறுநாள் அவர் தைப்பிங் ஏரியில் மூழ்கி இறந்துபோனார். மிச்சக் கையெழுத்துப் பிரதியும் போய்விட்டது. ஆனால் 1948 வாக்கில் நியூயார்க்கில் இருந்தபோது அவர் நாவலைச் சீனத்தில் வாசிக்க வாசிக்க, ஐடா புரூயிட் என்ற அமெரிக்கப் பெண்மணி ஆங்கிலத்தில் தட்டச்சு செய்திருந்தார். சீனத்தில் காணாமல்போன முடிவு அந்த ஆங்கிலத்தில் பிழைத்துக் கிடந்தது. 1980களில் அதிலிருந்து பதின்மூன்று அத்தியாயங்களைத் திரும்பச் சீனத்தில் ஆக்கினார்கள். ஆங்கிலத்தில் அச்சான அந்தப் புத்தகமே சுருக்கப்பட்டதுதான். புரூயிட்டின் முழுப் பிரதி வெகுகாலம் கழித்து ஹார்வர்டு நூலகம் ஒன்றில் அகப்பட்டது. 1985இல் வந்த 28 பகுதி நாடகத்தின் முகப்புப் பாட்டைப் பாடியவர் லுவோ யூஷெங். முரசு தட்டிக் கதைப்பாட்டு பாடும் பெய்ஜிங் மரபின் பெரிய கலைஞர், அப்போது வயது எழுபது. கேட்டுப் பார், பாஷை தெரியாமலே புரியும்.

மூலக் கதையில் கை வைக்கக் கூடாது என்று கல்லூரியில் நீயும் நானும் சண்டை போட்டவர்கள். கண்டிப்பாக வைக்கலாம், கதையின் மேல் இத்தனை பக்தி இருந்தால் வைக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. 'பூக்கும் ஷாங்காய்' பார்த்தபோது கொஞ்சம் தயங்கினேன். ஜின் யூசெங் எழுதிய நாவலை வைத்து வோங் கார்-வாய் எடுத்த 30 பகுதி, 2023 டிசம்பரில் வந்தது. தொண்ணூறுகளில் பங்குச்சந்தையில் எழுந்த ஒருவனின் கதை. ஒவ்வொரு காட்சியும் கண்ணைப் பறிக்கிறது. ஆனால் நாவலில் அவனுடைய சிறுவயதுக் கூட்டாளிகள் இரண்டு பேர் வருகிறார்கள், அறுபதுகளின் கஷ்டகாலம் பாதிப் புத்தகத்தை நிறைக்கிறது என்கிறார் ஆன்ட்டி. நாடகத்தில் அவர்கள் இல்லவே இல்லை. அது எனக்குக் குறைதான். அந்தப்புர நாடகங்கள் பக்கம் நீ போகவே வேண்டாம். 76 பகுதி ஓடும் 'ஜென் ஹுவான்' கதையைப் பாதியில் விட்டுவிட்டேன். சுன் லி நன்றாகத்தான் நடிக்கிறார், எனக்குத்தான் சதிக்கு மேல் சதி ஒத்துக்கொள்ளவில்லை.

பேரன் கட்சி வேறு. அவனுக்கு 1986இல் வந்த 'மேற்கு நோக்கிய பயணம்' குரங்கு ராஜாதான் எல்லாம். அதில் வரும் துறவி யார் தெரியுமா? நம் சரித்திரப் பாடத்து யுவான் சுவாங். ஏழாம் நூற்றாண்டில் உங்கள் ஊருக்கு வந்தவர்! காஞ்சி மக்கள் தைரியசாலிகள், வாக்குத் தவறாதவர்கள், கல்வியை மதிப்பவர்கள் என்று எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறார். நாவலில் குரங்கும் பன்றியும் பூதமும்தான். அவர் காஞ்சி வந்த கதை அதில் இல்லை. பேரனுக்கு அந்தப் பாகத்தை நானே சேர்த்துச் சொல்கிறேன்.

மாப்பிள்ளை அடுத்த மாதம் சென்னை வருகிறார். ஹாக்ஸின் முதல் இரண்டு தொகுதியைக் கொடுத்தனுப்புகிறேன். கிழவி முதல்முறை வருவது முதல் தொகுதியில், கத்திரிக்காய் இரண்டாவதில். பேர்கள் ஆரம்பத்தில் குழப்பும், ஒரு தாளில் வம்சாவளி போட்டு வைத்துக்கொள். படித்துவிட்டு ஷிஃபெங்கைப் பற்றி எழுது. ஆன்ட்டிக்கு அவளைக் கண்டாலே ஆகாது, எனக்கு அவள் மேல் இரக்கம்தான் வருகிறது. நீ எந்தப் பக்கம் என்று தெரிய வேண்டும்.

அண்ணனுக்கு என் வணக்கம். குழந்தைகளுக்கு ஆசிகள்.

அன்புடன்,
மீனா