மலை ஊர்களில் சுகாதார நிலையம் வைக்கத் தலைக்கணக்கு வேண்டாம், நடைக்கணக்கு பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தமிழ்நாட்டின் சுகாதாரக் குறியீடுகளைப் பற்றி உங்கள் பத்திரிகையில் அடிக்கடி கட்டுரை வருகிறது, படிக்கும்போது எனக்கும் பெருமையாகத்தான் இருக்கிறது. 2018-20 கணக்குப்படி ஒரு லட்சம் குழந்தைகள் பிறக்கும்போது இறக்கும் தாய்மார் இந்திய அளவில் 97 பேர், நம் மாநிலத்தில் 54 பேர். இதற்காக உழைத்த செவிலியர்களையும் மருத்துவர்களையும் கையெடுத்துக் கும்பிடலாம். ஆனால் 54 என்பது சராசரி. அதற்குள் சென்னையும் கோவையும் இருக்கின்றன, ஜவ்வாது மலையும் கல்வராயன் மலையும் பச்சமலையும் போதமலையும் இருக்கின்றன. மலைக்கு மட்டும் தனியாகக் கணக்கெடுத்தால் என்ன வரும் என்று யாராவது எழுதினால் நன்றாக இருக்கும்.

2023 மே மாதம் வேலூர் மாவட்டம் அணைக்கட்டு அருகே அல்லேரி மலையில் நடந்தது பலருக்கும் நினைவிருக்கும். வீட்டுக்கு வெளியே தூங்கிக்கொண்டிருந்த ஒன்றரை வயதுக் குழந்தையைப் பாம்பு கடித்தது. மருத்துவமனைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் உயிர் போய்விட்டது. பிரேதப் பரிசோதனை முடிந்து திரும்பும்போது சாலை இல்லாததால் ஆம்புலன்ஸ் பாதியிலேயே நின்றுவிட, பெற்ற தாயே அந்த உடலைக் கையில் சுமந்துகொண்டு மலையேறினார். அப்போது என் காதில் விழுந்த பேச்செல்லாம் ஆம்புலன்ஸைப் பற்றித்தான், ஏன் பாதியில் இறக்கிவிட்டார்கள் என்றுதான். அது நியாயமான கோபம். ஆனால் அதற்கு முன்னால் கேட்க வேண்டியது இன்னொன்று. அந்தக் குழந்தைக்கு வேண்டிய மருந்து ஏன் மலைமேலேயே இல்லை?

இதற்குப் பதில், சுகாதார நிலையம் அமைக்க அரசு வைத்திருக்கும் ஒரு கணக்கில் இருக்கிறது. சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், மலையிலும் பழங்குடிப் பகுதியிலும் 3,000 பேருக்கு ஒன்று. ஆரம்ப சுகாதார நிலையம் என்றால் சமவெளியில் 30,000 பேருக்கு, மலையில் 20,000 பேருக்கு. கேட்பதற்கு மலைக்குச் சலுகை கொடுத்த மாதிரி இருக்கும். ஆனால் மலையில் ஊர் என்பது இங்கே நாற்பது வீடு, ஒரு பள்ளத்தாக்கு தாண்டி அங்கே முப்பது வீடு. 3,000 பேரைச் சேர்க்க எத்தனை மேடு பள்ளம் தாண்ட வேண்டும் என்று கணக்குப் போட்டவர்கள் யோசித்தார்களா தெரியவில்லை. வரைபடத்தில் அடுத்தடுத்து இருக்கிற இரண்டு ஊருக்கு நடுவே ஏறி இறங்கினால் பாதி நாள் போய்விடும், காய்ச்சலோடு நடப்பவருக்கோ நிறைமாதக் கர்ப்பிணிக்கோ அதுவும் போதாது.

மாற்று விதி இல்லாமலும் இல்லை. வீட்டிலிருந்து 30 நிமிட நடையில் ஒரு துணை சுகாதார நிலையம் இருக்க வேண்டும் என்ற அளவுகோலை மத்திய அரசே ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஆனால் அது மலை மாநிலங்களில் தேர்ந்தெடுத்த மாவட்டங்களுக்கும் பாலைவனப் பகுதிகளுக்கும் மட்டும். நாம் மலை மாநிலம் இல்லை, சரி. அதற்காக நம் மலையில் இருப்பவர்களின் கால் வேகமாக நடக்குமா? நம் அரசு தன் செலவிலேயே இந்த 30 நிமிடக் கணக்கை நம் மலைகளுக்குக் கொண்டுவர வேண்டும் என்பதுதான் என் முதல் கோரிக்கை, உண்மையில் ஒரே கோரிக்கை என்றுகூடச் சொல்லலாம், மற்றதெல்லாம் இதிலிருந்து வருவதுதான்.

பாம்புக்கடியையே எடுத்துக்கொள்ளுங்கள். கட்டுவிரியன் பெரும்பாலும் ராத்திரியில், தரையில் படுத்திருப்பவரைத்தான் கடிக்கும். வலி தெரியாது, பல் தடம்கூடச் சரியாகத் தெரியாது. சிலருக்கு வயிற்றுவலி மாதிரி ஆரம்பிக்கும், அப்புறம் கண் இமை தானாக மூடும், கடைசியில் மூச்சு விடும் தசைகள் செயலிழந்துவிடும். இதற்கு இருக்கும் ஒரே மருந்து விஷமுறிவு ஊசி. அது பொடியாகவே கிடைக்கிறது, பொடியாக இருக்கும்வரை குளிர்பதனப் பெட்டி இருந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, தேவைப்படும்போது கரைத்து ஏற்றலாம். குழந்தைக்கும் பெரியவருக்கும் ஒரே அளவுதான், ஏனென்றால் பாம்பு ஆளைப் பார்த்து விஷத்தைக் குறைத்துக்கொள்வதில்லை. ஒவ்வாமை வந்தால் சமாளிக்க அட்ரினலின் ஊசியும், கையால் அழுத்தி மூச்சு கொடுக்கும் பையும், இவற்றைப் பயன்படுத்தப் பயிற்சி பெற்ற ஒருவரும் பக்கத்திலேயே இருக்க வேண்டும், இது முக்கியம். இதெல்லாம் மலைமேல் வைக்க முடியாத பெரிய விஷயமா?

2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியை, மருத்துவமனைகள் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது. நல்ல முடிவு. ஆனால் மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தவர்தானே அந்தக் கணக்கில் வருவார்?

இன்னொன்றும் மனதை உறுத்துகிறது. விஷமுறிவு மருந்து தயாரிக்கப் பாம்பு விஷம் வேண்டும். அதை எடுத்துக் கொடுப்பதில் இந்தியாவிலேயே முக்கியமான இடம் மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் இருக்கிற இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். 1978 முதல் இருக்கிறது. அந்த சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். பழங்குடி மக்களின் கையிலிருந்து கிளம்புகிற விஷம் மருந்தாகி நாடு முழுக்கப் போகிறது, மலையில் இருக்கும் பழங்குடிக் குழந்தைக்கு மட்டும் நேரத்துக்கு வந்து சேரவில்லை. இதை ஏற்றுக்கொள்ளவே முடியவில்லை.

சாலை போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பார்கள். சாலை வேண்டும், சந்தேகமே இல்லை. கேட்டால் வனத்துறை அனுமதி என்று ஒரு பதில் எப்போதும் தயாராக இருக்கும். 2006 வன உரிமைச் சட்டத்தின் 3(2) பிரிவைப் படித்துப் பாருங்கள். பள்ளி, மருந்தகம், அங்கன்வாடி, சாலை போன்ற 13 வகை வசதிகளுக்கு, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவாக, ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டாமல், கிராம சபையின் பரிந்துரையோடு காட்டு நிலத்தை ஒதுக்கலாம். மூன்று மீட்டர் அகலத்தில் போட்டால் ஒரு ஹெக்டேருக்குள் மூன்று கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகமாகவே வரும். நீளமான மலைப்பாதைக்கு இது போதாது, அதற்கு வேறு அனுமதி வாங்கித்தான் ஆக வேண்டும், ஆண்டுக்கணக்கில் இழுக்கும். ஆனால் ஒரு சின்ன மருந்தகம் கட்ட எவ்வளவு நிலம் வேண்டும்? சில சென்ட் போதும். சாலை வரும்வரை மருந்தகமும் வரக்கூடாது என்று எந்தச் சட்டத்திலும் இல்லை.

பிரசவத்துக்கு முன்கூட்டியே வந்து தங்க, சில ஆரம்ப சுகாதார நிலையங்களில் காத்திருப்பு அறை கட்டியிருக்கிறார்கள். திட்டம் அருமையானது. ஆனால் வீட்டில் இன்னும் இரண்டு குழந்தைகளையும் ஆடுகளையும் விட்டுவிட்டு ஒரு பெண் எப்படி முன்கூட்டியே கீழே வந்து உட்காருவாள்? துணைக்கு வருகிறவரின் கூலி போகிறது, அவருக்குச் சாப்பாடு யார் போடுவது? மூத்த குழந்தைகளையும் கூட்டிவந்து தங்க இடமும், துணைக்கு வருபவருக்குச் சாப்பாடும் ஒரு சிறு தொகையும் கொடுத்தால் வருவார்கள். இல்லையென்றால் வலி வந்த பிறகு டோலி கட்டித்தான் தூக்குவார்கள், சிக்னல் கிடைக்காத இடத்தில் 108க்கு எப்படிப் பேசுவது?

மலையில் வேலை செய்ய யாரும் வருவதில்லை என்று குறை சொல்வதிலும் எனக்கு உடன்பாடு இல்லை. குடியிருக்க ஒழுங்கான வீடு, தண்ணீர், கரண்ட் கொடுத்துவிட்டுப் பிறகு குறை சொல்லலாம். அதைவிட, அந்த மலைகளிலேயே பிளஸ் டூ முடித்த பெண்களைத் தேர்ந்தெடுத்து அரசு செலவில் செவிலியர் படிப்பு படிக்கவைத்து அதே மலையில் வேலை கொடுத்தால், ஊர் பாஷை தெரிந்த, பாதை தெரிந்த ஒரு நர்சம்மா அங்கேயே இருப்பார்.

சாலை இல்லாத காலத்திலும் போதமலைக்குத் தேர்தல் வந்தால் வாக்குப்பதிவு இயந்திரத்தைத் தலைச்சுமையாகத் தூக்கிக்கொண்டு அதிகாரிகள் நடந்தே போயிருக்கிறார்கள். ஓட்டுக்குச் செய்ய முடிந்ததை மருந்துக்கும் செய்ய முடியும்.

உங்களிடம் ஒரு உதவி கேட்கிறேன். உங்கள் மாவட்ட நிருபர்களை மலை ஊர்களுக்கு அனுப்புங்கள். எந்த ஊரிலிருந்து எந்த சுகாதார நிலையத்துக்கு எத்தனை நிமிட நடை, அங்கே இன்றைக்கு விஷமுறிவு மருந்து எத்தனை குப்பி இருக்கிறது, ராத்திரியில் அதை ஏற்றத் தெரிந்தவர் யார், இந்த மூன்றை மட்டும் கேட்டு மாவட்டவாரியாகப் பட்டியல் போடுங்கள். மழைக்காலத்துக்கு முன்னால் வந்தால் நல்லது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
வேலூர் மாவட்டம்.