வேலை கையில் வந்த பிறகே பணம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் டர்பன் சாட்ஸ்வொர்த்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியை. என் பேத்தி வெஸ்ட்வில் பல்கலைக்கழக வளாகத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். நவம்பர் பரீட்சை முடிந்ததும் அமெரிக்காவுக்கு விடுமுறை வேலைக்குப் போக ஆசைப்படுகிறாள். நமக்குக் கோடை விடுமுறை, அங்கே பனிச்சறுக்கு சீசன். போகட்டும், நல்லதுதான்.

ஆனால் முகவர் ஒருவர், "முதலில் பணம் கட்டுங்க, வேலை அப்புறம் அமையும்" என்றார். அது சரியில்லை. இப்படி விடுமுறை வேலைக்குப் போகும் மாணவருக்குத் தரப்படும் ஜே-1 விசாவுக்கு, டிஎஸ்-2019 என்ற தகுதிச் சான்றுப் படிவம் வேண்டும். அதை அமெரிக்க வெளியுறவுத் துறை அங்கீகரித்த ஸ்பான்சர், அதாவது இந்தத் திட்டத்தை நடத்தும் நிறுவனம்தான் கொடுக்க முடியும், உள்ளூர் முகவர் அல்ல. தென்னாப்பிரிக்கா போல விசா விலக்கு இல்லாத நாட்டு மாணவருக்கு, புறப்படும் முன்பே வேலை உறுதியாகியிருக்க வேண்டும் என்பது விதி. ஆகவே ஸ்பான்சர் பெயரைக் கேளுங்கள். அந்தத் துறையின் இணையப் பட்டியலில் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள்.

டாலர் சம்பளத்தை நம் ராண்டில் பெருக்கிப் பார்த்து மயங்கவும் வேண்டாம். இந்த வேலை அதிகபட்சம் 4 மாதம்தான். வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வேலை, அறை வாடகை எவ்வளவு, அது சம்பளத்தில் பிடிக்கப்படுமா, வேலையிடத்துக்குப் பஸ் உண்டா? இதெல்லாம் எழுத்தில் வரட்டும். வருமான வரி பிடிப்பார்கள். ஓய்வூதியம் போன்றவற்றுக்காக அங்கே பிடிக்கும் சமூகப் பாதுகாப்பு வரியை இந்த மாணவர்களிடம் பொதுவாகப் பிடிக்கக் கூடாது. வீட்டில் குழந்தை பார்க்கும் வேலைக்கும் இந்தத் திட்டத்தில் இடமில்லை, அதற்குத் தனித் திட்டம் இருக்கிறது.

போய் வந்த பிள்ளைகள் யாராவது தாங்கள் கொடுத்த வாடகையை உங்கள் பத்திரிகைக்கு எழுதினால், என்னைப் போன்ற பாட்டிகளுக்குக் கணக்குப் போட உதவும்.

ஒரு வாசகி,
சாட்ஸ்வொர்த், டர்பன்