தண்ணீர் தெளிவாகத்தான் இருக்கிறது

அன்புள்ள சரவணா,

அப்பாவுக்குச் சர்க்கரை குறைந்திருக்கிறது. மற்றதெல்லாம் அப்புறம் எழுதுகிறேன். முதலில் உன் தொட்டி.

நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மிச்சமிருக்கும் கப்பி மீன் எட்டும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கிறதே என்று நீ ஏமாந்துவிட்டாய். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா கண்ணுக்குத் தெரியாது. அதைத் தின்கிற நுண்ணுயிர் ஃபில்டர் ஸ்பாஞ்சில் பிடிக்க 4 வாரமாவது வேண்டும், 6 வாரமும் ஆகும். நீ தொட்டி வாங்கியே 9 நாள்தான். தீனியைக் குறை. கால்வாசித் தண்ணீர் மட்டும் தினமும் மாற்று.

செவ்வாய்க்கிழமை ஒரே பகலில் 17 வீடியோ அனுப்பியிருந்தாய். அன்றைக்கு உனக்கு ஆபீஸ் இருக்குமே. சரி, விடு. எல்லாவற்றையும் உட்கார்ந்து பார்த்தேன். ஒருத்தர் தினமும் முழுசாக மாற்று என்கிறார், இன்னொருத்தர் மாற்றவே மாற்றாதே என்கிறார். மூன்றாமவர் ஒரு பாட்டிலைக் காட்டி 2 மூடி ஊற்றச் சொல்கிறார், அவரே அதை விற்கவும் செய்கிறார். எங்கே இருக்கிறார், போர்வெல் தண்ணீரா குழாய்த் தண்ணீரா என்று ஒருத்தரும் சொல்லவில்லை. எத்தனை மீன் செத்தது என்று வாயே திறக்கவில்லை. சாகாமலா இவ்வளவு கற்றுக்கொண்டார்கள்?

நம் கொளத்தூர் மீன் கடைகளில் கேட்டாலும் நாலு பேர் நாலு விதமாகத்தான் சொல்வார்கள். ஆனால் தப்பாகச் சொன்னால் மறுநாள் செத்த மீனோடு வாசலில் போய் நிற்பேன் என்று அவர்களுக்குத் தெரியும். அந்தப் பயம் வீடியோக்காரருக்கு ஏது?

என் பேச்சையும் அப்படியே எடுத்துக்கொள்ளாதே. நம் மாடியில் போர்த் தண்ணீர் தொட்டி ஓரமெல்லாம் வெள்ளையாகப் படியும், மோலி மீனுக்கு அது தேன். உன் ஊர்த் தண்ணீர் எப்படியோ, சோதிக்கிற கிட் வாங்கிப் பார். இங்கே ஹீட்டரை நான் கண்ணால் பார்த்ததோடு சரி, மே மாதம் தொட்டிக்கு ஓலை போட்டு நிழல் கட்டத்தான் தெரியும். பெங்களூர் மார்கழி ராத்திரிக்குக் கப்பிக்கே ஹீட்டர் வேண்டியிருக்கும். உனக்குத்தான் குளிரவே குளிராது. ராத்திரி 2.40க்குத் தொட்டிமுன் உட்கார்ந்து படம் எடுக்கிறாய். சாப்பிட்டாயா?

மீனுக்கு முழுத் தண்ணீரையும் மாற்றிவிட்டு, "என்னாலதான்மா செத்துச்சு" என்று எழுதியிருந்தாயே. அதைப் படித்ததிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. உனக்கு 9 வயதில் அந்த இரண்டு கோல்டு ஃபிஷ் செத்ததே, இட்லித் துணுக்கைப் போட்டுக் கொன்றுவிட்டாய் என்று அடித்தேனே. அன்றைக்குக் காலையில் அவசரத்தில் மெட்ரோ வாட்டரைக் குழாயிலிருந்து நேராக நிரப்பியது நான்தான். ஒரு நாள் திறந்து வைத்திருந்தால் குளோரின் போயிருக்கும். சாயங்காலமே எனக்குப் புரிந்துவிட்டது. உன்னிடம் சொல்லவில்லை. அடுத்த நாளும் சொல்லவில்லை. அதற்கப்புறம் எது கெட்டாலும் முதலில் உன்னையே குற்றம் சொல்லிக்கொள்கிறாய். படிப்பில் கெட்டிக்காரன், எங்கள் வம்சத்திலேயே உன்னை மாதிரி யாரும் இல்லை. இதை மட்டும் யாரிடம் கற்றாய் என்று நான் கேட்க முடியாது.

தீனியைக் குறை என்று சொன்னேன் அல்லவா, குறை. நீ மட்டும் வேளாவேளைக்குச் சாப்பிடு.

கப்பித் தொட்டியில் 3 வருஷமாக ஓடுகிற ஸ்பாஞ்ச் ஒன்று இருக்கிறது, கறுத்துக் கொழகொழவென்று. அதை உன் தொட்டியில் போட்டால் அத்தனை வாரம் காத்திருக்க வேண்டாம். குழாய்த் தண்ணீரில் கழுவிவிடாதே, அதிலிருக்கும் நுண்ணுயிர் செத்துப்போகும். பார்சலில் போட்டால் காய்ந்துவிடும் என்று அப்பா சொல்கிறார். அதனால் தொட்டித் தண்ணீரோடு கவரில் கட்டி நானே எடுத்துக்கொண்டு பெரம்பூரில் ரயில் ஏறலாம் என்றிருக்கிறேன். வெள்ளிக்கிழமை ராத்திரி. நீ வீட்டில்தானே இருப்பாய்?

அம்மா